டர்பனிலிருந்து வந்த ஆஷ் கியூ: பூண் நகத்தில் தட்டுகிறது, அரம் போடலாமா?

லெனேசியா மேசை
எல்லோருக்கும் வணக்கம். ஆஷ் மரக் கியூ (ஸ்நூக்கர் போன்ற மேசை ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்) ஒன்றைப் பற்றி யோசனை வேண்டும். முக்கால் இணைப்பு (முனையிலிருந்து ஏறக்குறைய முக்கால் நீளத்தில் இரண்டாகக் கழலும்), மொத்தம் 58 அங்குலம், டிப் (பந்தில் படும் முனை) 9 மி.மீ., அதற்கு அடியில் பித்தளைப் பூண், அடிப்பாகத்தில் நான்கு கருங்காலிச் செருகு. ஐந்து வருடம் தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்த கியூ, ஜொஹானஸ்பர்க் பக்கம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது ஜூலை, இங்கே குளிர்காலம்; வீட்டில் ராத்திரி ஹீட்டர் ஓடுகிறது.

பூணும் மரமும் சேரும் இடத்தில் விளிம்பு நகத்தில் தட்டுகிறது. இடது வலது பக்கம் அதிகம், அம்புக்குறி ரேகை தெரியும் மேல்பக்கம் குறைவு. மேசையில் உருட்டினால் டிப் முனை துள்ளுகிறது. கியூ முன்பைவிட லேசாகவும் தோன்றுகிறது. பழைய லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) கையில் ஒட்டுவதால் அதை எடுத்துவிட்டு எண்ணெய் போடலாம் என்றும் ஓர் எண்ணம்.

பூணை அரத்தால் ராவி மரத்தோடு சமமாக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

நடால் தச்சன்
தம்பி, அரத்தைத் தொடாதீர்கள். பூண் வளரவில்லை, மரம் இளைத்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மரம் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ற ஈரத்தைத்தான் தன்னுள் வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும் கடலோர வீட்டில் மரத்துக்குள் சுமார் 13 சதவீதம் ஈரம் நிற்கும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்றின் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் மரத்தில் 7 சதவீதம்தான் மிஞ்சும். ஆஷ் மரம் ஒவ்வொரு சதவீத ஈரம் குறையும்போதும் வயது வளையத்தின் போக்கில் ஏறக்குறைய 0.26 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 0.16 சதவீதமும் சுருங்கும். ஆறு சதவீதம் இறங்கினால் 9 மி.மீ. தண்டு ஒரு திசையில் 0.14 மி.மீ., மறு திசையில் 0.09 மி.மீ. இளைக்கும். பித்தளை அப்படியே இருக்கும். அதுதான் நகத்தில் தட்டுகிறது.

இடது வலது பக்கம் அதிகம் என்று எழுதியதுதான் இதற்கு அத்தாட்சி. அம்புக்குறி மேலே இருக்கும்படி பிடித்தால் வளையங்கள் படுக்கைவாக்கில் கிடக்கும். அதிகச் சுருக்கம் பக்கவாட்டில்தான் வரும். பூண் கோணலாக ஏறியிருந்தால் ஒரே ஒரு பக்கம் தட்டும், எதிர்ப்பக்கம் பள்ளமாக இருக்கும். உங்களுடையது அது இல்லை.

இப்போது பூணை ராவினால் என்ன ஆகும்? ஜனவரி மழையில் அங்கேயும் காற்றில் ஈரம் ஏறும், மரம் ஊதும், இந்த முறை மரத்தின் விளிம்பு பூணைத் தாண்டி நிற்கும். இழை முனை பிய்ந்து சிலும்பும். அதை உப்புத்தாளால் தேய்ப்பீர்கள். அடுத்த குளிரில் மறுபடி பூண் தட்டும். இரண்டு மூன்று வருடத்தில் 9 மி.மீ. தண்டு 8.7 ஆகிவிடும், போன மரம் திரும்பி வராது. உலக்கைப் பூண் வெயிலில் கிடந்தால் கழன்று வருவதும், தண்ணீரில் போட்டால் இறுகுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் கியூவைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்!

கையில் உறுத்தினால் பூணின் கீழ் விளிம்பின் கூர்மையை மட்டும் 1000 நம்பர் தாளில் இரண்டு சுற்று மழுக்குங்கள், போதும். சமப்படுத்தியே ஆகவேண்டும் என்றால் அக்டோபர் அல்லது ஏப்ரலில், ஈரம் நடுவில் நிற்கும்போது செய்யுங்கள்.

லேசாகத் தோன்றுவதும் பிரமை இல்லை. ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசில் முழுக் கியூவையும் வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் நிறுங்கள். 500 கிராம் கியூ இப்படிக் காய்ந்தால் 20 கிராமுக்கு மேல்கூட இழக்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். அதுவரை எந்த வேலையும் வேண்டாம். ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். படுக்கையாகப் பெட்டியில் இருக்கட்டும்.

பூண்கட்டி
தச்சன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. நகத்தால் பூணைத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று சுத்தமாகக் கேட்டால் பசை பிடித்திருக்கிறது. ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விட்டுவிட்டது. மரம் இளைக்கும்போது பழைய எபாக்சிப் பசை உரிவது சகஜம்.

விட்டிருந்தால் மட்டும் கழற்றுங்கள். முதலில் டிப்பை எடுத்துவிடுங்கள். சால்டரிங் அயர்ன் நுனியைப் பூணின் மேல் அரை நிமிடம் வையுங்கள். சூட்டில் எபாக்சி இளகும், தோல் துண்டால் பிடித்துத் திருகினால் வரும். நெருப்புச் சுடர் காட்டினால் மரம் கருகும். பழைய பசையைச் சுரண்டி, பூணின் உட்புறத்தைத் தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, 24 மணி நேர எபாக்சி போடுங்கள். ஐந்து நிமிட எபாக்சி இந்த இடத்துக்கு உதவாது. பந்தை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு அங்கேதான் விழுகிறது. மேல் மூடிய பூண் என்றால் பூண் ஏறும் மர முளையில் நெடுக ஒரு சின்னக் கோடு கீறிவிடுங்கள், அடைபட்ட காற்றும் பசையும் வெளியே வர. இல்லையென்றால் பூண் கடைசி அரை மில்லிமீட்டர் இறங்காமல் நிற்கும்.

கருங்காலி
உருட்டிப் பார்ப்பதை நம்பவேண்டாம். இந்த வகைக் கியூவைக் கையால் இழைப்பார்கள், சுத்த வட்டமாக இருக்காது. அடிப்பாகத்தில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியும் இருக்கும். நேரான கியூகூட உருண்டால் துள்ளும்.

இரண்டு மரத்துண்டில் வி வடிவ வெட்டுப் போட்டு, தண்டின் இரண்டு முனையையும் அதில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். நடுவில் ஓர் அளவுகோலை நிறுத்தி, தண்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ஏற்ற இறக்கத்தில் பாதிதான் உண்மையான வளைவு: 2 மி.மீ. ஆடினால் வளைவு 1 மி.மீ. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தண்டைத் தனியாக, அடிப்பாகத்தைத் தனியாக, பிறகு பூட்டி, என்று மூன்று முறை பாருங்கள். தனித்தனியாக நேராக இருந்து பூட்டினால் மட்டும் வளைந்தால் குற்றம் இணைப்பில். முக்கால் கியூவில் இணைப்பிலிருந்து டிப் வரை சுமார் 1,070 மி.மீ.; இணைப்பின் குறுக்களவு சுமார் 25 மி.மீ. அந்த முகத்தில் ஒரு பக்கம் 0.1 மி.மீ. அழுக்கோ லாக்கர் துளியோ இருந்தால் டிப் முனை 4 மி.மீ.க்கு மேல் விலகும். முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தாலே பாதிக் கியூக்கள் நேராகிவிடும்.

தண்டே வளைந்திருந்தால், எடை அடங்கும்வரை காத்திருங்கள். ஆவி காட்டி நிமிர்த்தச் சொல்வார்கள். வேண்டாம். செருகின் பசை விட்டுவிடும், நிமிர்ந்ததும் நிலைக்காது. ரேகை தண்டின் நீளத்தோடு ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறும் மரத்தை எவராலும் நிரந்தரமாக நிமிர்த்த முடியாது.

லாக்கருக்கு வருகிறேன். தண்டில் மட்டும் எடுங்கள், கருங்காலியில் இருப்பது இருக்கட்டும். 600 நம்பர் தாள், நெடுக மட்டும், பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒரு முறை வெர்னியரில் (நுட்பமாகக் குறுக்களவு பார்க்கும் கருவி) அளவு. எஃகுப் பஞ்சு வேண்டாம்: ஆஷ் மரத்தின் திறந்த துளைகளில் இரும்புத் தூள் தங்கி, கடற்காற்றில் கறுப்புப் புள்ளியாகத் துருவேறும். சாம்பல் நிற நைலான் பட்டை நல்லது.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஐந்தாறு சொட்டு போதும். உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, கால் மணி நேரத்தில் ஒட்டத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை. துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிசுபிசுக்கும். காய்ச்சாத எண்ணெய் காய நாள் கணக்காகும், குளிரில் இன்னும் கூடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

ஒரு விஷயம் பலர் விடுகிறார்கள். எண்ணெய் ஈரத்தைத் தடுக்காது. அந்த வேலையை அரக்கு நன்றாகச் செய்யும். மரம் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதும் வெட்டுமுனை (இழை குறுக்கே வெட்டுப்பட்ட முகம்) வழியாகத்தான் வேகம். டிப்புக்கு அடியில், இணைப்பு முகத்தின் மரப்பகுதியில், அடி ரப்பருக்கு உள்ளே, மூன்று இடத்திலும் அரக்கு இரண்டு பூச்சு கொடுங்கள். 100 மி.லி. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் 15 கிராம் அரக்குச் செதில். இணைப்பு முகத்தில் மெல்லியதாக, காய்ந்ததும் சமமாகத் தேய்த்து. இல்லையென்றால் மேலே சொன்ன 0.1 மி.மீ. கதைதான். டர்பன் கோடையில் அரக்குப் பூசினால் வெள்ளையாகப் பூத்துப் போகும். உங்கள் ஊர்க் குளிர்காலம் அதற்கு நல்ல நேரம்.

லெனேசியா மேசை
மிக்க நன்றி. நான்கு வார எடை: 497, 493, 491, 491. பூண் ‘டிங்’ என்கிறது. தண்டு தனியாக 1 மி.மீ.க்கும் குறைவான வளைவு. இணைப்பு முகத்தில் லாக்கர் துளி இருந்தது, துடைத்ததும் துள்ளல் போய்விட்டது. பூணைத் தொடவில்லை. அடியில் 6 அங்குல நீட்டுத் துண்டு ஒன்று செய்ய இந்நாட்டு மரம் எது?

நடால் தச்சன்
கியாட். ஈரம் மாறினாலும் மிகக் குறைவாகவே அசையும், கடைசலுக்கு இதமான மரம். எடை வேண்டுமென்றால் லெட்வுட்; தண்ணீரில் மூழ்கும் கனம், ஆனால் உளியின் முனையைத் தின்றுவிடும். அது சட்டப் பாதுகாப்பு உள்ள மரம், உரிமத்தோடு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். டம்போட்டி பார்க்க அழகு. அதன் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் அதைக் கடைய வேண்டாம், மிச்சத் துண்டை இறைச்சி சுடும் பிராய் அடுப்பிலும் போடவேண்டாம். அந்தப் புகை பட்ட இறைச்சியைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது.