உதவி: குடியிருக்க கேட்டமரான், பட்ஜெட் குறைவு, எதை எடுக்கலாம்? (ஞாயிறுக்குள் சொல்லியாக வேண்டும்)

ஒற்றைப்பாய்:
எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். கேட்டமரானில், அதாவது இரண்டு உடல் சேர்ந்த பாய்மரப் படகில், குடியேறுவது என்று முடிவு செய்துவிட்டோம். பட்ஜெட் குறைவு. இரண்டு படகு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று எண்பதுகளில் கட்டிய ப்ரவுட் ஸ்னோகூஸ் 37. இன்னொன்று வாடகைக்கு ஓடிய 38 அடி பிரெஞ்சுப் படகு, நாலு கேபின். இரண்டாவது விலை அதிகம், ஆனால் இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும். எதை எடுக்கலாம்? 38 அடியை விற்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்.

நங்கூரச்சங்கிலி:
எத்தனை பேர்? எங்கே ஓட்டப் போகிறீர்கள்? மரீனாவிலா (வாடகைப் படகுத்துறை), நங்கூரத்திலா? பெருங்கடல் தாண்டும் எண்ணம் உண்டா? இழுத்துப் பிடித்து வாங்கிய பிறகு கையில் ஏதாவது மிஞ்சுமா? 38 அடி என்றால் எந்தப் படகு, எந்த வருடம்?

நீலக்கோடு:
38 அடிதான், யோசிக்கவே வேண்டாம். இரண்டு என்ஜின், நின்ற இடத்திலேயே திருப்பலாம். நாலு கேபினில் ஒன்றை ஸ்டோர் ரூம் ஆக்கிக்கொள்ளுங்கள். ஸ்னோகூஸ் உள்ளே குகை மாதிரி இருக்கும்.

பழையமாலுமி:
இந்தக் கேள்வி இங்கே வந்துகொண்டே இருக்கிறது, கேட்பவர்தான் மாறுகிறார். பட்ஜெட் எவ்வளவு என்று சொல்லாமல் பட்ஜெட் படகு கேட்பவரிடம் என்ன சொல்வது? தம்பி, முதலில் யாருடைய படகிலாவது ஒரு வாரம் இருந்து பாருங்கள். கழிப்பறைப் பம்பை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அதற்கு அப்புறமும் ஆசை இருந்தால் பேசலாம். வாங்கும் விலை மட்டும்தான் செலவு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பல மரீனாக்களில் ஒற்றை உடல் படகைவிடக் கேட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு வாடகை. லகூன் 380 என்ற 38 அடி பிரெஞ்சுக் கேட்டமரானை எடுத்துக்கொண்டால் அகலம் 6.53 மீட்டர், அதைத் தூக்கும் லிஃப்ட் படகு பழுதுபார்க்கும் எல்லா யார்டிலும் இருக்காது. ஸ்னோகூஸ் 5 மீட்டருக்கும் குறைவு, பெரும்பாலும் நுழைந்துவிடும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் யாரும் கேட்பதில்லை.

எடைக்கணக்கு:
எல்லோரும் கேபினையும் என்ஜினையும் எண்ணுகிறீர்கள், கேட்டமரானில் எண்ண வேண்டியது கிலோவை. 38 அடிப் படகில் ஒரு ஹல், அதாவது ஒரு பக்க உடல், நீர்மட்டத்தில் சுமார் 11 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம். நுனி கூராக இருப்பதால் 0.7 என்று பெருக்கினால் 10 சதுர மீட்டர், இரண்டும் சேர்ந்து 20. அதாவது ஏறக்குறைய 200 கிலோ ஏற்றினால் படகு 1 சென்டிமீட்டர் இறங்கும். இப்போது ஏற்றுங்கள். தண்ணீர் 300 லிட்டர், 300 கிலோ. டீசல் 200 லிட்டர், 170 கிலோ. 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டர், 140 கிலோ. கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியும் அதன் மோட்டாரும் 100. நாலு பேர் என்றால் 250. மொத்தம் 960, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் போயே போச்சு, இன்னும் ஒரு பாத்திரம் ஏறவில்லை.

இரண்டு ஹல்லையும் இணைக்கும் நடுத்தளமான பிரிட்ஜ்டெக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்த 5 சென்டிமீட்டர் குறைகிறது. அப்புறம் எதிர் அலையில் அடியில் 'டமார்' என்று அடிக்கும்போது மேஜையில் இருக்கும் டம்ளர் எகிறும், ராத்திரி யாரும் தூங்க முடியாது. ஸ்னோகூஸில் அந்த இடைவெளி பிறவியிலேயே குறைவு, அதையும் மறக்காதீர்கள்.

நங்கூரச்சங்கிலி:
எடை சரி. ஆனால் அவர் இன்னும் எத்தனை பேர் என்றே சொல்லவில்லையே.

ஒற்றைப்பாய்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பெரும்பாலும் நங்கூரத்தில்தான், கரையை ஒட்டி, தீவுக்குத் தீவு. பெருங்கடல் இப்போதைக்கு இல்லை. மனைவி படகுப் பாய் தைப்பார், அதுதான் வருமானம், அதனால் பெரிய தையல் மெஷின், மேஜை, துணிச் சுருள் எல்லாம் வரும். டைவிங் கம்ப்ரஸரும் சிலிண்டர்களும் உண்டு. 38 அடி என்ன படகு என்று சொல்ல வேண்டாம் என்று விற்பவர் கேட்டுக்கொண்டார். அது மூன்று வருடமாகக் கரையில் நிற்கிறது, அதனால் ஒன்றும் இல்லை என்றார்.

எடைக்கணக்கு:
கம்ப்ரஸரா!

விளக்குமரம்:
மூன்று வருடம் கரையில் நின்றால் ஒன்றும் இல்லையா? செயில்டிரைவ் (என்ஜினிலிருந்து ஹல் வழியே கீழே இறங்கும் புரொபெல்லர் கால்) இருக்கும் படகென்றால் ஹல்லின் அடியில் இருக்கும் ஓட்டையை ஒரு ரப்பர் டயாஃப்ரம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. என்ஜின் கம்பெனி வால்வோ பென்டா அதை 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இரண்டு என்ஜின், இரண்டு டயாஃப்ரம், ஒவ்வொன்றுக்கும் என்ஜினை நகர்த்த வேண்டும். எப்போது மாற்றினார்கள் என்று ரசீது கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளான ரிக்கிங்கும் அப்படித்தான், பத்துப் பன்னிரண்டு வருடம் தாண்டிய கம்பியென்றால் காப்பீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டெக்கின் உள்ளே பால்சா என்ற இலேசான மரம் இருந்தால் ஸ்டாஞ்சன் (ஓரக் கைப்பிடித் தூண்) அடியிலும் ஷ்ரவுட் (பாய்மரத்தின் பக்கக் கம்பி) இறங்கும் இடத்திலும் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று கேட்டுக்கொண்டு வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தையாக மாறினால், அங்கே தண்ணீர் இறங்கியிருக்கலாம், படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

வாடகைக்கு ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். கம்பெனிக்காரர்கள் ஆயில் மாற்றுவதில் பலரைவிட ஒழுங்கு. பாய்தான் வெயிலில் வெந்து போயிருக்கும், அது உங்கள் வீட்டுக்காரம்மா கையில் சரியாகிவிடும்.

துடுப்புக்காரன்:
எதற்கு இந்தத் தலைவலி? இரண்டையும் விட்டுவிட்டு, கிணறு மாதிரித் துளை வழியே தூக்கி இறக்கும் அவுட்போர்டு (கழற்றி மாட்டும் பெட்ரோல் மோட்டார்) உள்ள சின்ன கேட்டமரானாகப் பாருங்கள். 9.9 குதிரைத்திறன், நாலு ஸ்ட்ரோக், கெட்டுப்போனால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டலாம். டயாஃப்ரம் இல்லை, ஓட்டை இல்லை. பாயில் போகும்போது மேலே தூக்கிவிட்டால் இழுவையும் இல்லை.

பழையமாலுமி:
குட்டை அலையில் புரொபெல்லர் காற்றில் சுற்றுவதை இவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும். குழந்தைகள் தூங்கும் படகில் இதைப் பரிந்துரைக்கிறார்.

துடுப்புக்காரன்:
படகை ஓட்டும் திறந்த இடமான காக்பிட்டில், வெளியே வடியும் லாக்கரில் டாங்க்கை வைத்தால் எங்கே தங்கும்? டிங்கிக்குப் பெட்ரோல் நீங்களும்தானே வைத்திருக்கிறீர்கள், ஐயா?

நீலக்கோடு:
பேட்டரி சார்ஜ்? 9.9 அவுட்போர்டு பத்துப் பதினைந்து ஆம்ப்பியர் தரும், டீசல் ஆல்டர்னேட்டர் 60க்கு மேல்.

துடுப்புக்காரன்:
கூரையில் சோலார் போட இடம் இருக்கிறதே, அதற்குத்தானே கேட்டமரான்.

எடைக்கணக்கு:
சோலாருக்கும் எடை உண்டு.

விளக்குமரம்:
கேட்டவரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டோம். ஒற்றைப்பாய், ஸ்னோகூஸில் பெரும்பாலும் நடுவில் ஒரே டீசல், தூக்கக்கூடிய லெக் (புரொபெல்லர் கால்). பராமரிப்புச் செலவு பாதி, ஆனால் குறுகிய மரீனாவில் பக்கக்காற்று அடித்தால் வியர்க்கும். நங்கூரத்திலேயே இருக்கப் போகிறீர்கள் என்பதால் அது உங்களுக்குப் பெரிய குறை இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் இடம்தான் குறையாகத் தெரியும். 38 அடி எடுப்பதானால் தண்ணீரில் இறக்கி, இரண்டு என்ஜினையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தையல் மெஷின் எந்தப் படகானாலும் நடுவில் இருக்கட்டும், முன் கேபினில் வைத்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, அலைக்குள் குத்தும்.

நங்கூரச்சங்கிலி:
ஞாயிறு என்று கெடு வைக்கிறவரிடம் சர்வே முடியும்வரை காத்திருப்பாரா என்று மட்டும் கேளுங்கள். படகு மூன்று வருடம் காத்திருந்தது, அவர் இரண்டு வாரம் காத்திருக்க மாட்டாரா?

ஒற்றைப்பாய்:
கேட்டோம். தண்ணீரில் இறக்க மாட்டேன், பார்த்தபடி எடுத்துக்கொள் என்றார். விட்டுவிட்டோம். ஸ்னோகூஸை அடுத்த வாரம் தூக்கி சர்வேயர் பார்க்கிறார். கம்ப்ரஸரை விற்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழையமாலுமி:
சர்வேயர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். துடுப்புக்காரருக்கு: டிங்கிக்கு நான் வைத்திருப்பது பத்து லிட்டர், நீங்கள் சொல்லும் படகுக்கு நூறு வேண்டும்.

துடுப்புக்காரன்:
நூறா? பாய் எதற்கு இருக்கிறது?

கரைவலை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த 38 அடி இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா?