புதுப்பிப்பு: வெள்ளைக் குட்டியா, செவலைக் குட்டியா?

தேவகோட்டைப் பக்கம் எங்கள் கடலைக்கொல்லைக்கு, இளஞ்சிவப்பு மூக்கும் பால்வெள்ளை உடம்புமான ராஜபாளையம் நாய்க்குட்டியை எடுப்பதா, செவலை நிறச் சிப்பிப்பாறை வேட்டைநாய்க் குட்டியை எடுப்பதா என்று ஆறு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். சிப்பிப்பாறையைத்தான் எடுத்தேன்.

முடிவு செய்தது ஓர் எவர்சில்வர் தட்டு. மற்ற குட்டிகளோடு இருந்தபோது வெள்ளைக் குட்டி கூப்பிட்டவுடன் ஓடிவந்தது. அது தனியே தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டினேன், காதுமடல்கூட அசையவில்லை. நிறமி குறைந்த வெள்ளை நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போவதுண்டு. கூடப்பிறந்தவை ஓடுவதைப் பார்த்துத்தான் அதுவும் ஓடிவந்திருக்கிறது. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இனம்! நிறத்தை மட்டும் பார்த்து இணைசேர்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

செவலைக் குட்டியின் தாயை இரண்டு நாள் கவனித்தேன். விலாவில் முள் கிழித்த தழும்பு, ஒட்டிய வயிறு, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஆழமான நெஞ்சு, இறுக்கமாகச் சேர்ந்த கால்விரல்கள். வெயிலில் ஓடித் திரும்பியும் சீக்கிரமே மூச்சு சீரானது.

முயல் பிடிக்க விடுவீர்களா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மாட்டேன், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கொல்லைக்காவலுக்கும், கயிற்றில் கட்டி இழுக்கும் சாக்கைத் துரத்தவும்தான். நேற்று சாக்கு திரும்புவதற்கு முன்பே குறுக்கே பாய்ந்து மறித்துவிட்டது.

வெள்ளைக் குட்டி இப்போது பள்ளத்தூரில் அத்தை வீட்டு வளவில் வளர்கிறது. தரையைக் காலால் தட்டித்தான் அத்தை அதைக் கூப்பிடுகிறார்.