மேலமாசி வீதி வீடு: சனிக்கிழமை என்ன படம்?

செவ்வாய், காலை 7:14

மீனா: எல்லோருக்கும் காலை வணக்கம். ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. அடுத்த வியாழன் காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். வலது இடுப்பு மூட்டு. அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். அப்புறம் ஆறு வாரத்துக்கு யாருக்கும் நான் சமைத்துப் போட முடியாது.

வசந்தா: முருகா

வசந்தா: முழு மயக்கமா அக்கா? முதுகில் ஊசியா?

மீனா: முதுகில்தான் இருக்கும். அதை நம் மயக்க மருத்துவர் சுந்தரம் அண்ணா விளக்குவார்.

கணேசன்: நல்லபடியாக நடக்கும் மதினி. மீனாட்சி இருக்கிறாள்.

திவ்யா: அத்தை, வெள்ளி இரவே வந்து மாவு அரைத்து வைத்துவிடுகிறேன்.

மீனா: வா. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து படம் பார்க்கலாம். கவின், புரொஜெக்டரை எடுத்து வா. எனக்கு ‘கிரீன் ஃபார் டேஞ்சர்’ பார்க்க வேண்டும்.

கவின்: அம்மா

கவின்: வேண்டாம்

நிலா: அத்தை, அதில் ஆபரேஷன் டேபிளிலேயே ஆள் செத்துப்போவார்

மீனா: தெரியும். மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

கணேசன்: என்ன படம் அது? பச்சை என்றால் ஆபத்தா? முப்பது வருடம் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டியவன் நான். பச்சை என்றால் போகலாம் என்றுதானே?

மீனா: அதுதான் படமே.

வசந்தா: தியேட்டரில் கொலை நடக்கிற படமா?

கணேசன்: எந்தத் தியேட்டர்?

வசந்தா: ஆபரேஷன் தியேட்டர். நீங்கள் காபியைக் குடியுங்கள்.

காலை 9:40

சுந்தரம்: இப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது என்பதால் முழுதாகச் சொல்கிறேன். கதை 1944 ஆகஸ்டில் நடக்கிறது. ஜெர்மானியர் அந்த ஜூன் மாதத்திலிருந்து வி-1 என்ற ஆளில்லாத பறக்கும் குண்டுகளைத் தென்கிழக்கு இங்கிலாந்தின் மேல் ஏவிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரித் தடதடவென்று வரும். சத்தம் கேட்கிறவரை பயமில்லை. சத்தம் நின்றால் கீழே விழப்போகிறது என்று அர்த்தம். லண்டனுக்குப் போகும் பாதை எங்கள் கென்ட் மாவட்டத்தின் மேலேதான். நாங்கள் முதலில் குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டுப் பாட்டி, சத்தம் நின்றதும் மேஜைக்கு அடியில் புகுந்து எண்ணத் தொடங்குவோம் என்பார். அப்படி ஒரு குண்டில் அடிபட்ட போஸ்ட்மேன் ஜோ ஹிக்கின்ஸ் கிராமப் பக்கத்து மருத்துவமனைக்கு வருகிறார். பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை. மயக்கம் கொடுக்கிறார்கள், மனிதர் எழுந்திருக்கவே இல்லை. மயக்க மருத்துவர் டிரெவர் ஹோவர்ட், சர்ஜன் லியோ ஜென், துப்பறிய வரும் இன்ஸ்பெக்டர் காக்ரில் அலஸ்டர் சிம். இயக்கம் சிட்னி கிலியட், 1946. போர் முடிந்து பைன்வுட் ஸ்டூடியோவைத் திறந்தபின் அங்கே எடுத்த முதல் படம். கிறிஸ்டியானா பிராண்டின் நாவல்தான் மூலம். அவர் கணவர் சர்ஜன் என்பதால் தியேட்டர் விவரங்கள் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

கவின்: மாமா, கொஞ்சம் மூச்சு விடுங்கள்

திவ்யா: பெரியப்பா, இட்லிப் பானை உங்கள் வீட்டில் இருக்கிறதா? எங்களுடையதற்கு மூடி இல்லை.

சுந்தரம்: இருக்கும்மா. பெரியதா சின்னதா?

திவ்யா: பெரியது

நிலா: அப்பா, பெரியது வசந்தா அத்தை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய்விட்டார்கள்

வசந்தா: அது அம்மாவுடைய பானை. எனக்குத்தான் தருவதாக அம்மா சொன்னார்கள்.

மீனா: பானை பேச்சு வேண்டாம். சின்னதில் மூன்று ஈடு எடுத்தால் போகிறது.

கவின்: நான் போன வருடம் பாதி பார்த்தேன் அம்மா. இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை டாக்டர் இருவரும் ஒரே நர்ஸைச் சுற்றி முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்தப் படமே ஒன்றரை மணி நேரம்தான்.

மீனா: நீ தூங்கிவிட்டாய். வந்தவுடன் படம் எப்படி மாறுகிறது என்று நீ பார்க்கவே இல்லை. அந்த டாக்டர்கள் அடித்துக்கொள்ளும்போது அவர் விலக்கிவிடவா போகிறார்? உட்கார்ந்து சந்தோஷமாக வேடிக்கை பார்க்கிறார்.

நிலா: அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை அத்தை. அந்த சிஸ்டர் பேட்ஸ் விருந்து நடுவில் இது கொலை, எனக்கு ஆதாரம் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு இருட்டில் தனியாக ஓடுகிறாள். அந்தக் காட்சி முடிந்து எனக்கு வயிறு கலங்கிப்போனது. அடுத்து வருகிற போலீஸ்காரர் குடையோடு கிண்டல் பண்ணிக்கொண்டு திரிகிறார். செத்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா?

மீனா: அந்த இருட்டுத் தியேட்டர் காட்சி உனக்குப் பிடித்ததா?

நிலா: மிகவும். முகமூடியும் கவுனும் போட்டு ஓர் உருவம் நிற்கிறதே, அதை மறக்கவே முடியாது.

மீனா: நாங்கள் எல்லோருமே அந்த உடையில் அப்படித்தான் இருப்போம். கண் மட்டும்தான் தெரியும். படத்தின் தொடக்கத்திலேயே மேஜையைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு முகமூடியாகக் காட்டி இவர் இன்னார், இவர் இன்னார் என்று பெயர் சொல்லி, இதில் ஒருவர் கொலையாளி என்று சொல்லிவிடுவார்கள். ஹாஸ்டல் டிவியில் முதல் தடவை பார்த்தபோது நான் மாணவி. மறுநாள் காலை தியேட்டருக்குள் போய் நின்றதும் ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்தேன்.

கணேசன்: யூடியூபில் இருக்கிறதா மதினி? நாங்களும் இங்கே பார்க்கிறோம்.

வசந்தா: இவருக்கு இங்கிலீஷ்காரன் பேசுவது புரியாது

கணேசன்: சப்டைட்டில் போட்டுக்கொள்வேன்

சுந்தரம்: மாப்பிள்ளை, உங்கள் பச்சைக் கொடிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இங்கே இங்கிலாந்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் கருப்பு உடல், வெள்ளைத் தோள். நம் ஊரிலும் அதேதான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பச்சை. மூச்சைத் தூண்டுவதற்காக அதையும் கொஞ்சம் கொடுக்கும் பழக்கம் இருந்ததால் மயக்க எந்திரத்திலேயே மாட்டியிருக்கும். கொலையாளி என்ன செய்கிறார் என்றால், பச்சை சிலிண்டருக்குக் கருப்பு வெள்ளை

கவின்: மாமா!!!

நிலா: அப்பா நிறுத்துங்கள்

திவ்யா: நான் இன்னும் பார்க்கவில்லை பெரியப்பா

சுந்தரம்: யார் கொலையாளி என்று நான் சொல்லவில்லையே.

வசந்தா: அண்ணன் அன்றைக்கும் இதைத்தான் செய்தார். சென்ட்ரல் தியேட்டரில் இடைவேளைக்கு முன்னாலேயே முடிவைச் சொல்லி, அப்பா அவரை முறுக்கு வாங்க வெளியே அனுப்பினார்.

மீனா: முறுக்கையும் வழியிலேயே தின்றுவிட்டார்.

சுந்தரம்: நான் சொல்ல வருவது வேறு. பெயின்ட் அடித்து ஏமாற்றுகிற வேலை இப்போது நடக்காது. 1950களில் ‘பின் இண்டெக்ஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. சிலிண்டர் வாயில் துளைகள், எந்திரத்தில் அதற்கு நேராகப் பின்கள். ஆக்ஸிஜனுக்கு 2, 5ஆம் இடங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு 1, 6. நிறம் என்னவாக இருந்தாலும் தப்பான சிலிண்டர் உட்காராது. மீனா, உனக்காகத்தான் சொல்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை நீ பயப்படக் கூடாது.

மீனா: அண்ணா, நான் 31 வருடம் தியேட்டர் நர்ஸ்.

சுந்தரம்: தெரியும். டேபிளின் மேல் படுப்பது வேறு.

கவின்: கருப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கே தெரியும்? பார்க்கிறவனுக்குத் துப்பையே காட்டாமல் கடைசியில் நிறம் என்று சொன்னால் அது நியாயமா? எனக்கு இது பெரிய குறை.

நிலா: நல்ல கேள்வி

மீனா: ஹிக்கின்ஸ் நீலம் பாய்ந்து கிடக்கும்போது டாக்டர் ஆக்ஸிஜனைக் கூட்டுகிறார். கூட்டக் கூட்ட மோசமாகிறது. அதைக் கண் முன்னால் காட்டுகிறார்களே, அதுதான் துப்பு. நிறம் தெரியாவிட்டாலும் அந்தச் சிலிண்டரை நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சுந்தரம்: சரியாகச் சொன்னாய். அந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். ஏற்கெனவே ஒரு நோயாளியை இழந்த மயக்க மருத்துவர் அவர். எல்லோர் கண்ணும் அவர் மேல். குழாயைத் திறக்கிறார், ஆள் போய்க்கொண்டிருக்கிறார், இன்னும் திறக்கிறார். நல்லது என்று நம்பித்தான் செய்கிறார். வேலையில் இருந்தவரை தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் சிலிண்டரை நானே திறந்து அழுத்தமானி முள் ஏறுகிறதா என்று பார்ப்பேன். சுவரிலிருந்து வரும் குழாயை ஒரு இழு இழுப்பேன். எத்தனை பேர் பார்த்துவிட்டோம் என்று சொன்னாலும் சரி.

வசந்தா: அம்மா ஆபரேஷனுக்கும் போனில் இப்படித்தான் ஒரு மணி நேரம் விளக்கினீர்கள் அண்ணா. ஆள் வரவில்லை.

காலை 10:25

சுந்தரம்: லீவு கிடைக்கவில்லை வசந்தா.

மீனா: வசந்தா, அதை இங்கே வேண்டாம்.

வசந்தா: சரி அக்கா

கணேசன்: மச்சான் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு ராத்திரி தூக்கமில்லை.

திவ்யா: உளுந்து எவ்வளவு போடட்டும் அத்தை? இந்தக் குளிரில் பொங்க மாட்டேன் என்கிறது.

மீனா: நாலுக்கு ஒன்று. ஓவனில் வெறும் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை. பாத்திரத்துக்கு அடியில் தட்டு வை, வழிந்துவிடும்.

மதியம் 1:05

கவின்: புரொஜெக்டரில் டிஸ்க் போட முடியாது. அம்மாவிடம் இருப்பது டிஸ்க்.

நிலா: என் பழைய லேப்டாப்பில் டிரைவ் இருந்தது. ஓடுமா தெரியாது.

கவின்: மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நடந்த மாதிரி ஆகிவிடக் கூடாது

நிலா: அன்றைக்கு வயரை மறந்தது நீ

மீனா: டிவியிலேயே பார்க்கலாம். கேளுங்கள். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்ததைப் படிக்காதீர்கள். திவ்யா, நீ படிக்காதே.

திவ்யா: மாவைப் பார்க்கப் போகிறேன்

மீனா: நிலா, காக்ரில் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறார். சரி. கடைசி நிமிடத்தில் ஒரு டாக்டர் கையில் ஊசியோடு நெருங்குகிறார். கொல்லத்தான் வருகிறார் என்று இவர் பாய்ந்து தடுத்துவிடுகிறார். அது விஷத்துக்கு மாற்று மருந்து. இவருடைய கெட்டிக்காரத்தனத்தால் ஓர் உயிர் போகிறது. படம் முழுக்கப் பின்னால் கேட்கும் குரல் அவர் மேலதிகாரிக்கு எழுதுகிற அறிக்கை. அதன் கடைசி வரியில் ராஜினாமாவை எழுதுகிறார், ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். துப்பறிகிறவன் தோற்றால் அது துப்பறியும் படமா என்று என்னோடு பார்த்தவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதனால்தான் பிடிக்கும். ராத்திரி படுக்கையில் காக்ரில் துப்பறியும் நாவல் படித்துக்கொண்டு, இவன்தான் குற்றவாளி என்று முடிவு செய்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முகம் சுருங்குவாரே, அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். நீ கிண்டல் என்று நினைத்தது எல்லாம் அந்த மனிதருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை. தியேட்டரில் அப்படிப்பட்ட கைகளை நான் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்த அன்றைக்கே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

நிலா: இப்படி நான் யோசிக்கவில்லை அத்தை

நிலா: ஆனாலும் செத்தவர்களை நினைத்தால் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது

மீனா: இருக்கட்டும். சனிக்கிழமை பேசுவோம்.

கணேசன்: நான் படித்துவிட்டேன் மதினி. படிக்கக் கூடாது என்றீர்களே, அதைப் பிறகுதான் பார்த்தேன்.

வசந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கணேசன்: என்ன எழுதினாய்?

வசந்தா: ஒன்றுமில்லை

கவின்: சரி, முடிவாக இந்தப் படமா? மாமா தமிழ்ப் படம் ஏதாவது போடலாம் என்று காலையில் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்.

சுந்தரம்: இதையே போடு.

திவ்யா: எம்25 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை சாலை வேலையாம். ஐந்து மணிக்குள் எல்லோரும் வந்துவிடுங்கள்.

நிலா: நாங்கள் ஆறு ஆகும்

மீனா: ஆறு என்றால் சாப்பாடு ஏழு, படம் எட்டரை. முடியப் பத்து. அண்ணா அதற்குள் தூங்கிவிடுவார்.

சுந்தரம்: தூங்க மாட்டேன். மீனா, வியாழக்கிழமை ஏழரைக்கு நானும் வருகிறேன். உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.

மீனா: கவின் வருகிறானே அண்ணா.

சுந்தரம்: அவன் வண்டி ஓட்டட்டும்.

வசந்தா: போங்கள் அண்ணா

மீனா: சரி. உள்ளே போய் யாருடைய குழாயையும் இழுக்கக் கூடாது.

திவ்யா: பெரியப்பா, இட்லிப் பானை? சின்னதாவது?

சுந்தரம்: தேடிக்கொண்டிருக்கிறேன் அம்மா.