கதவைச் சாத்திக்கொண்டு தலைவர்கள் பேசி முடித்தால் அது ஜனநாயகமா?

வாசுகி_திருச்சி:
போட்டித் தேர்வுக்கு அரசியல் அறிவியல் படிக்கிறேன். சர்வாதிகாரி பிராங்கோவுக்குப் பிறகு ஸ்பெயின் ஜனநாயகத்துக்கு வந்ததை, மேல்மட்டத் தலைவர்களின் சாதனை என்றே குறிப்புகள் பாராட்டுகின்றன. நாலு பேர் அறைக்குள் பேசி முடித்ததில் மக்களுக்கு என்ன பங்கு?

சங்கத்து_ஆள்:
நல்ல கேள்விம்மா. 1976 நவம்பரில் பிராங்கோ காலத்து நாடாளுமன்றமே அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை 425-க்கு 59 என்று நிறைவேற்றியது. தங்கள் நாற்காலியைத் தாங்களே காலி செய்யும் சட்டம்! அவர்களைச் சம்மதிக்க வைத்த பிரதமர் சுவாரெஸ் அதே ஆட்சியில் வளர்ந்தவர். எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் கரியோ, விக் மாட்டிக்கொண்டு தலைமறைவாக நாட்டுக்குள் வந்தவர். 1977 ஏப்ரலில் அவர் கட்சிக்கு இருந்த தடையைச் சுவாரெஸ் நீக்கினார், ராணுவம் கொதித்தது. கரியோ பதிலுக்கு, பிராங்கோவுக்குப் பின் வந்த மன்னராட்சியையும் அதன் கொடியையும் ஏற்றார்.

சம்பளப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: மேசையில் கையெழுத்துப் போடுவது சுலபம். வெளியே காத்திருக்கும் நம்ம ஆட்களை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இருவரும் அதைச் செய்தார்கள்.

செங்காந்தள்:
சரி தோழர், தெருவை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1976 மார்ச் 3, வித்தோரியா நகரம். வேலைநிறுத்தக்காரர்கள் கூடியிருந்த தேவாலயத்துக்குள் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். இந்த நெருக்கடி இல்லாமல் சுவாரெஸ் பதவிக்கே வந்திருக்க மாட்டார். 1977 அக்டோபரில் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. கூடவே பழைய ஆட்சியின் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்றியது. இந்தப் பேரத்தை யாரைக் கேட்டுச் செய்தார்கள்?

சங்கத்து_ஆள்:
தெரு தள்ளாமல் எந்த நிர்வாகமும் மேசைக்கு வராது, அதில் நமக்குள் சண்டையே இல்லை. என் குறை வேறு. அரசியல் சட்ட வரைவை எழுதிய ஏழு பேரில், வடக்கே தனி மொழி பேசும் பாஸ்க் பகுதியின் பாஸ்க் தேசியக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சட்டத்துக்கான 1978 டிசம்பர் 6 மக்கள் வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னது அந்தக் கட்சி. பாஸ்க் பகுதியில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

வாசுகி, 1981 பிப்ரவரி 23-ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியையும் படியுங்கள். சிவில் காவல்படை அதிகாரி தெஹெரோ நாடாளுமன்ற அவைக்குள் புகுந்தார். அவருடைய ஆட்கள் கூரையை நோக்கிச் சுட்டார்கள். உறுப்பினர்கள் இருக்கைக்கடியில் பதுங்க, சுவாரெஸும் கரியோவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. துணைப் பிரதமரான முதிய ஜெனரல் எழுந்துபோய் மல்லுக்கு நின்றார். மூவருமே அவரவர் முகாமில் துரோகிப் பட்டம் வாங்கியவர்கள்.

வாசுகி_திருச்சி:
நன்றி ஐயா. வித்தோரியா பெயரே எங்கள் குறிப்புகளில் இல்லை.