‘நாய்ஸம்’ என்றால் இரைச்சலா, நாற்றமா?

கேள்வி:
மொழிபெயர்ப்பில் ஓரிடம் இடிக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘நாய்ஸம் ஆலி’ (noisome alley) என்று ஒரு சந்து வருகிறது. ‘இரைச்சல் மிகுந்த சந்து’ என்று போட்டால், அடுத்த வரியே ‘ஆள் அரவமில்லை’ என்கிறது. ‘நாய்ஸி’யும் ‘நாய்ஸ’மும் ஒன்றுதானே?

பதில் 1:
இல்லை, அது வீச்சமடிக்கும் சந்து. ‘நாய்ஸ்’ என்ற சொல்லோடு இதற்கு உறவே கிடையாது. தொல்லை கொடுப்பதைக் குறிக்கும் ‘அனாய்’ இருக்கிறதல்லவா, அதன் முதலெழுத்து உதிர்ந்து இடைக்கால ஆங்கிலத்தில் ‘நாய்’ என்று வழங்கியது. அதோடு ‘ஹோல்ஸம்’, ‘டயர்ஸம்’ சொற்களில் வரும் ‘ஸம்’ விகுதி சேர்ந்துகொண்டது. ‘அனாய்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் ‘இன் ஓடியோ’ என்ற லத்தீன் தொடர், ‘வெறுப்புக்குரியதாக’ என்று பொருள்.

பதில் 2:
எல்லா இடத்திலும் ‘நாற்றம்’ போட்டுவிடாதீர்கள். முதலில் இருந்த பொருள் ‘கேடு தருவது’தான், வாடை பிற்பாடு ஒட்டியது. 1611 கிங் ஜேம்ஸ் பைபிளில் சங்கீதம் 91:3 ‘நாய்ஸம் பெஸ்டிலன்ஸ்’ என்கிறது. தமிழ் வேதாகமத்தில் அது ‘பாழாக்கும் கொள்ளைநோய்’. எசேக்கியேல் 14:21-இல் ‘நாய்ஸம் பீஸ்ட்’, தமிழில் ‘துஷ்டமிருகங்கள்’. அங்கே மூக்குக்கு வேலையே இல்லை. எனவே பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: சாக்கடை, புகை, சந்து என்றால் வாடை, பழைய நூலில் நோய், விலங்கு என்றால் கேடு.

(தமிழ் ‘நோய்’தான் இதற்கு வேர் என்று யாராவது கிளம்புவார்கள். நினைவில் வைக்க உதவும், அவ்வளவே.)

பதில் 3:
உச்சரிப்பும் வேறு. ‘நாய்ஸி’யில் வருவது ‘ஜூ’வின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எழுப்பும் அதிர்வொலி, ‘நாய்ஸ’த்தில் ‘சன்’னில் வரும் அதிராத ஒலி. தமிழில் இரண்டையும் ‘ஸ’ என்றே எழுதுவதால் குழப்பம் கூடுகிறது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ‘நாக்ஷஸ்’ என்பதும் இதேதானா?

பதில் 1:
அது வேறு வேர். லத்தீனில் தீங்கைக் குறிக்கும் ‘நாக்ஸா’விலிருந்து வந்தது. கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆளைக் கொல்லும், வாடை கிடையாது. ஆகவே அது ‘நாக்ஷஸ்’, இன்றைய வழக்கில் ‘நாய்ஸம்’ அல்ல. அழுகிய முட்டை இரண்டாவது வகை.

இன்னொன்று: ‘நாய்ஸம் ஸ்டெஞ்ச்’ என்று வந்தால் ‘நாறும் நாற்றம்’ என்று இரட்டிக்க வேண்டாம்; ‘குமட்டும் நாற்றம்’ போதும்.