டயர் அழுத்த சென்சார் போடலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் நெடுஞ்சாலையில் முன் டயரில் காற்று மெதுவாக இறங்கியிருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பின்னால் குழந்தைகள் இருந்தார்கள், இன்னும் பதற்றம் போகவில்லை.

டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி) போட நினைக்கிறேன். சக்கரம் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் ஒப்பிடும் வகை, நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் கோட்டை விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு டயருக்கும் தனி சென்சார்தான் வேண்டும்.

வால்வில் மூடி மாதிரி திருகுவதில் பேட்டரி மாற்றுவது சுலபம், ஆனால் காற்று கசியுமோ என்று பயம். ரிம்முக்குள் பொருத்தினால் பேட்டரி தீர்ந்ததும் டயரையே கழற்ற வேண்டும். பஞ்சர் ஒட்டும்போது யாருக்காவது சென்சார் உடைந்திருக்கிறதா? அப்புறம், வெயிலில் டயர் சூடானால் அழுத்தம் கூடுமே, அதற்கெல்லாம் எச்சரிக்கை அடிக்குமா?