நாளை மாலைக்குள் நிரப்ப வேண்டிய கருத்துப் படிவம்

குழு: தெற்கு வீதி வீடு

வெள்ளிக்கிழமை

நான், மாலை 6.10
அனைவருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் எல்லோருடைய யோசனையும் எனக்கு வேண்டும். எங்கள் கல்லூரியில் செமஸ்டர் முடியும்போது, பாடம் நடத்தியவர்களைப் பற்றி மாணவர்கள் இணையத்தில் ஒரு கருத்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். பத்துக் கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் நம் சொந்தச் சொற்களில் எழுதலாம். நாளை மாலை 5 மணியுடன் அது மூடப்படுகிறது. டி.ஓ.சி. என்று நாங்கள் சொல்லும் கணிப்பியல் கோட்பாட்டுப் பாடத்தை நடத்திய மேடத்துக்கு எல்லாக் கேள்விகளுக்கும் 1 மட்டுமே போட வேண்டும் என்று வகுப்புக் குழுவில் முடிவு செய்திருக்கிறார்கள். கல்லூரிக்குள்ளேயே நடத்தும் இரண்டாம் இன்டர்னல் தேர்வில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். 62 பேரில் இருவரைத் தவிர அனைவரும் அதில் பூஜ்யம் வாங்கினோம். எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் 1 போடும் அளவுக்கு அவரை மோசமான ஆசிரியர் என்று என் மனம் ஒப்பவில்லை.

அம்மா, மாலை 6.14
நீ எந்த வம்புக்கும் போக வேண்டாம். பதிவு எண்ணைக் கொடுத்துத்தானே அந்தப் படிவத்துக்குள் நுழைகிறாய்? யார் என்ன எழுதினார்கள் என்பது தெரியாது என்று எந்த நம்பிக்கையில் இருப்பது? எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டுப் படிக்கிற வேலையைப் பார்.

அண்ணன், மாலை 6.25
சித்தி சொல்லும் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நான் படித்தபோது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறை நடப்பில் இருந்தது; எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இன்டர்னலுக்கு 20, செமஸ்டர் தேர்வுக்கு 80 என்று பிரிப்பார்கள். 2021 ஒழுங்குமுறையில் அது 40க்கு 60 என்று ஆகிவிட்டது. பாடம் நடத்துபவர் கையில் இருக்கும் பங்கு இரண்டு மடங்கான பிறகு, அவரைப் பற்றி மனம் திறந்து எழுதப் பிள்ளைகள் தயங்குவது இயல்புதான். ஆனால் இன்டர்னல் மதிப்பெண்களை ஏற்கெனவே பதிவேற்றிவிட்டார்களா என்று முதலில் சொல். அந்த மேடத்திடம்தான் நானும் படித்தேன்.

நான், மாலை 6.27
புதன்கிழமையே பதிவேற்றிவிட்டார்கள், அண்ணா. நாங்கள் எல்லோரும் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டோம்.

பெரியப்பா, மாலை 6.40
அப்படியானால் அந்தப் பயத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். 34 ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இத்தனை பேரைக் கோபப்படுத்திய அந்தக் கேள்வி என்ன? கேள்வியைப் பார்க்காமல், அதைக் கேட்டவரைப் பற்றி நாம் பேசக் கூடாது.

நான், மாலை 6.52
கேள்வி இதுதான், பெரியப்பா. 0, 1 என்ற இரண்டு குறிகளை மட்டும் வைத்து எழுதும் சரங்களில், 01 என்ற இணை எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையே 10 என்ற இணையும் வர வேண்டும். அத்தகைய சரங்கள் எல்லாம் சேர்ந்த மொழி ரெகுலர் மொழியா இல்லையா என்று நிறுவ வேண்டும்; 13 மதிப்பெண்.

ரெகுலர் மொழி என்றால், எண்ணிக்கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத, சில நிலைகள் மட்டுமே கொண்ட ஓர் எளிய இயந்திரம் அந்தச் சரங்களை இனம் காண முடியும் என்று பொருள். முடியாது என்று காட்டுவதற்குப் பம்பிங் லெம்மா என்ற வழி இருக்கிறது. மேடம் அதை மூன்று வகுப்புகளில் மிக நன்றாக நடத்தினார். 'சம எண்ணிக்கை' என்று கேட்ட மொழிகள் எல்லாமே அந்த வகுப்புகளில் ரெகுலர் அல்லாதவையாகத்தான் இருந்தன. எனவே கேள்வியில் 'அத்தனை முறையே' என்று பார்த்தவுடன் நாங்கள் பம்பிங் லெம்மாவை எழுதத் தொடங்கினோம். நான் இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் பார்த்தால் அந்த மொழி ரெகுலர்தானாம். ஒரே ஒரு சிவப்புக் கோடு, பூஜ்யம். ஏமாற்றப்பட்டோம் என்றுதான் வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள்.

பெரியப்பா, மாலை 7.35
எனக்கு உங்கள் இயந்திரமும் லெம்மாவும் தெரியாது. ஆனால் தாளில் சில சரங்களை எழுதிப் பார்த்தேன். 0 என்பதை ஆற்றின் இக்கரை என்றும் 1 என்பதை அக்கரை என்றும் வைத்துக்கொள். 01 என்றால் பரிசிலில் அக்கரைக்குப் போகிறாய். 10 என்றால் திரும்பி வருகிறாய். ஒருமுறை போனவள் திரும்பி வராமல் மறுபடியும் போக முடியாது. ஆகையால் போனதும் வந்ததும் மாறி மாறித்தான் நடக்கும்; இரண்டின் எண்ணிக்கைக்கும் ஒன்றுக்கு மேல் வேறுபாடு வரவே வராது. தொடங்கிய கரையிலேயே பயணத்தை முடித்தால் இரண்டும் சமம். எதிர்க்கரையில் முடித்தால் சமமில்லை. 0110 சமம். 0101 சமமில்லை. எண்ண வேண்டிய தேவையே இல்லை, அம்மா. முதல் குறியும் கடைசிக் குறியும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

அண்ணன், மாலை 7.41
அப்பா சொன்னதுதான் முழு விடை. முதல் குறியையும் இப்போது நிற்கும் குறியையும் மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பதால், நீ சொன்ன அந்த எளிய இயந்திரத்தை, அதாவது ஐந்து நிலைகள் கொண்ட ஃபைனைட் ஆட்டோமேட்டான் ஒன்றை வரைந்துவிடலாம். தொடக்க நிலை ஒன்று, 0இல் தொடங்கியவற்றுக்கு இரண்டு, 1இல் தொடங்கியவற்றுக்கு இரண்டு. நீ எழுதிய விடையில் பிழை எங்கே என்று கண்டுபிடித்தாயா?

நான், இரவு 8.20
இப்போதுதான் விடைத்தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 01ஐப் பல முறையும் அதன் பின் 10ஐ அதே அளவு பல முறையும் எழுதி, முன்பகுதியில் இன்னொரு 01ஐச் சேர்த்தால் 01இன் எண்ணிக்கை மட்டும் கூடிவிடும் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் 01க்குப் பக்கத்தில் 01ஐ வைத்தால் 0101 ஆகிறது. ஒட்டுகிற இடத்தில் புதிதாக ஒரு 10உம் பிறந்துவிடுகிறது. எண்ணிக்கை மறுபடியும் சமமாகிவிடுகிறது. இதை நான் தேர்வில் ஒரே ஒரு சிறிய சரத்தை எழுதிப் பார்த்திருந்தாலே கண்டிருப்பேன். கேள்வியைப் படித்தவுடன் யோசிப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்ததுதான் நான் செய்த தவறு. இது ஏமாற்றுக் கேள்வி இல்லை, பெரியப்பா. இவ்வளவு நல்ல கேள்வியை இந்தப் பாடத்தில் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அண்ணன், இரவு 8.31
எனக்கு மேடத்தின் வகுப்பின் மதிப்பு ஒரு செமஸ்டர் கழித்துத்தான் புரிந்தது. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைப் பற்றிய கம்பைலர் டிசைன் பாடத்தின் முதல் பகுதியே, நிரலின் எழுத்துகளைச் சொற்களாகப் பிரிப்பதற்கு இதே ஆட்டோமேட்டானைப் பயன்படுத்துவதுதான். மற்ற பிரிவுப் பிள்ளைகள் திணறியபோது எங்களுக்கு அது கதை கேட்பதுபோல் இருந்தது. முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) தேர்விலும் ஒரு மொழி ரெகுலரா இல்லையா என்று இப்படித்தான் கேட்பார்கள். செமஸ்டர் வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, 'இது அல்லது அது' என்று 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று அதன் அமைப்பு நமக்கு மனப்பாடம். பழைய வினாத்தாள்களை வைத்தே நாம் பயிற்சி செய்கிறோம். ஓர் ஆசிரியர் தன் சொந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இன்டர்னல் ஒன்றுதான் இடம். அங்கேயும் பழைய கேள்வியையே கேட்டால்தான் நல்ல ஆசிரியர் என்று நாம் சொல்லிவிட்டால், நாளை யாரும் புதிய கேள்வியை யோசிக்கவே மாட்டார்கள்.

மதுரை அத்தை, இரவு 8.55
இப்போதுதான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள் என்பதால் இந்தப் படிவத்தின் மறுபக்கத்தில் இருப்பவள் நான். அண்ணன் மகன் சொன்னது என் அனுபவம் மட்டும் அல்ல, ஆராய்ச்சியிலும் வந்திருக்கிறது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் 2000 முதல் 2007 வரை படித்த 10,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அங்கே எந்த ஆசிரியரிடம் யார் படிப்பது என்பது குலுக்கல் முறைபோல முடிவாகிறது. எல்லாப் பிரிவுகளுக்கும் தேர்வும் ஒன்றுதான். தொடக்க நிலை நுண்கணிதத்தில் மாணவர்களிடம் நல்ல பெயரும் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கித் தந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள்.

அதற்காக மாணவர் கருத்தே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஆண்டு என் சேலையைப் பற்றியும் குரலைப் பற்றியும் எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். அதைப் படித்து நான் இரண்டு நாள் சரியாக உறங்கவில்லை, அதனால் என் பாடம் ஓர் எழுத்தளவும் மாறவில்லை. அதே ஆண்டின் படிவங்களில் ஒரு பிள்ளை, மேற்செலவுகளைத் துறைகளுக்குப் பிரிக்கும் கணக்கில் நான் ஒரு படியை மனத்துக்குள்ளேயே போட்டுவிட்டு அடுத்ததை எழுதுகிறேன் என்று எழுதியிருந்தது. அன்று முதல் அந்தப் படியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். யார் அந்தப் பிள்ளை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. 1 என்றும் 5 என்றும் போட்ட எண்கள் எதுவும் எனக்கு நினைவில்லை.

கேள்வி நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டாய். அப்படியானால் உன் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டதா?

நான், இரவு 9.15
இல்லை, அத்தை. மூன்று விஷயங்கள் மீதி இருக்கின்றன. ஒரே ஒரு யோசனை தோன்றினால் 13, தோன்றாவிட்டால் பூஜ்யம் என்று வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சில சரங்களை எழுதிப் பார்க்கச் சொல்லி இரண்டு மதிப்பெண், முதலும் கடைசியும் பற்றிக் கேட்டு மூன்று மதிப்பெண் என்று படிகளாகப் பிரித்திருந்தால் எங்களில் பலர் விடையை எட்டியிருப்போம். அடுத்து, என் விடையில் எந்த வரியில் பிழை என்று அவர் காட்டவில்லை. வகுப்பிலும் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவில்லை. பெரியப்பா ஒரு மணி நேரத்தில் புரியவைத்ததை அவர் பத்து நிமிடத்தில் புரியவைத்திருக்க முடியும். மூன்றாவது, விடைத்தாள்களை எப்போதும் மிகத் தாமதமாகத்தான் தருவார்.

மதுரை அத்தை, இரவு 9.24
முதல் இரண்டும் நியாயமானவை. எந்த ஆசிரியரும் கேட்டுத் திருத்திக்கொள்ளக் கூடியவை. மூன்றாவதில் மட்டும் 'எப்போதும்', 'மிக' என்று எழுதாமல் தேதியைப் பார்த்து எழுது. காரணத்தோடுதான் சொல்கிறேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் முகம் பார்க்காத ஓர் இணையவழிப் பாடத்தில், ஓர் ஆண் ஆசிரியரும் ஒரு பெண் ஆசிரியரும் ஒரு பிரிவில் தங்கள் பெயர்களை மாற்றிக்கொண்டார்கள். திருத்திய தாள்களை ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் காலந்தவறாமைக்குக்கூட ஆண் பெயருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான், 43 மாணவர்கள்தான்; ஆனால் வகுப்பறையில் நின்றவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை. ஒரு சார் இதே நாட்களை எடுத்துக்கொண்டிருந்தால் தாமதம் என்று எழுதுவாயா என்று உன்னையே கேட்டுப் பார்.

நான், இரவு 9.50
குறிப்பேட்டைப் பார்த்தேன், அத்தை. முதல் இன்டர்னல் பிப்ரவரி 17 அன்று நடந்தது. இரண்டாவது மார்ச் 24. முதல் தேர்வின் விடைத்தாளை மார்ச் 30 அன்றுதான் தந்தார், 41 நாட்கள். முதல் தேர்வில் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலேயே இரண்டாவதை எழுதியிருக்கிறோம். இயங்குதளப் பாடத்தின் சார் 38 நாட்கள் எடுத்துக்கொண்டார். அவரை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதுரை அத்தை, இரவு 9.53
அப்படியானால் இருவருக்கும் எழுது.

அம்மா, இரவு 10.02
நான் அவசரப்பட்டு 5 போடச் சொன்னேன். அந்த மேடம் இதைப் படித்தால் கோபப்பட மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. எழுதியதும் இங்கே ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பு.

சனிக்கிழமை

நான், காலை 10.30
எழுதிவிட்டேன். நேற்றிரவு பெரியப்பாவின் ஆற்றுக்கரை விளக்கத்தை வகுப்புக் குழுவிலும் போட்டேன். நான் எல்லாவற்றுக்கும் 1 போடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். நான்கு பேர் தனியாக எழுதி நன்றி சொன்னார்கள். மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. படிவத்தில் எழுதியது இது:

"பம்பிங் லெம்மாவையும் ஆட்டோமேட்டானையும் மிகத் தெளிவாக நடத்தினீர்கள்; குறிப்புகளை ஒப்பிக்காமல் எங்களைப் பலகைக்கு அழைத்துப் போடச் சொன்னது எனக்கு உதவியது. இரண்டாம் தேர்வில் 01, 10 பற்றி நீங்கள் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் சம எண்ணிக்கை கொண்ட மொழிகளில் ரெகுலராக இருக்கும் ஒன்றையாவது வகுப்பில் காட்டியிருந்தால் நாங்கள் யோசித்திருப்போம். 13 மதிப்பெண்ணையும் ஒரே யோசனையின் மேல் வைத்தது அநியாயம். அதைப் படிகளாகப் பிரித்திருக்கலாம். விடை தவறென்றால் எந்த வரியில் தவறு என்று குறித்துக் காட்டுங்கள். முதல் தேர்வின் விடைத்தாள் 41 நாட்கள் கழித்து, இரண்டாம் தேர்வுக்குப் பிறகு கிடைத்தது. அது முன்பே கிடைத்திருந்தால் அதே தவறுகளை மீண்டும் செய்திருக்க மாட்டோம்."

எண்களில், பாட விளக்கத்துக்கு 5, தேர்வு அமைப்புக்கு 3, விடைத்தாள் திருப்பித் தருவதற்கு 2 போட்டிருக்கிறேன். இயங்குதளப் பாடத்தின் சாருக்கும் அந்த வரிசையில் 2தான்.

பெரியப்பா, காலை 10.48
'அநியாயம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு, அம்மா. அந்த இடத்தில் நடந்ததைச் சொல்: '62 பேரில் 60 பேருக்குப் பூஜ்யம் வந்தது.' இதைவிட அழுத்தமாக எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது. மற்றபடி ஓர் எழுத்தையும் மாற்றாதே.

நான், காலை 11.05
மாற்றி அனுப்பிவிட்டேன், பெரியப்பா.

அண்ணன், காலை 11.20
செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதையும் யோசித்து வை: 01, 10 என்பதற்குப் பதிலாக, 00 எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை 11 வர வேண்டும் என்று சொன்னால் அந்த மொழி ரெகுலரா?

நான், மதியம் 12.40
இந்த முறை முதலில் சரங்களை எழுதிப் பார்த்தேன், அண்ணா. 000111இல் 00 இரண்டு முறை, 11 இரண்டு முறை. அக்கரையில் எத்தனை நாள் தங்கினேனோ அத்தனை நாள் இக்கரையிலும் தங்க வேண்டும் என்பதுபோல் இருக்கிறது. கரையைப் பார்த்தால் மட்டும் போதாது, நாட்களை எண்ணியே தீர வேண்டும். எனவே இது ரெகுலர் இல்லை. பம்பிங் லெம்மா இங்கேதான் வேண்டும். முழு நிறுவலையும் இரவுக்குள் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தவறு இருந்தால் எந்த வரி என்று குறித்துக் காட்டுங்கள்.